கணு இடைவெளி

மார்ச் 3

அண்ணி,

நீங்கள் என் அம்மாவை இருட்டில் வைத்திருக்கிறீர்கள்.

யாரும் எனக்கு வந்து சொல்லவில்லை. நீங்களேதான் சொன்னீர்கள். போன மாதம் போனில், நான் கேட்காமலே: "உன் மணி பிளாண்ட் நல்லாத்தான் இருக்கு. ஒன்பது இலைதான், ஆனா மூணு அடி ஓடிருச்சு. உங்க அம்மா மாதிரியே, ஒரு வேலையும் செய்யாம வளருது." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். பின்னால் அண்ணன் சிரித்ததும் கேட்டது. நான் கத்தினேன். அண்ணன் போனை வாங்கி, "இவகிட்ட மனுஷன் பேச முடியுமா" என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து என் எண்ணை எடுப்பதில்லை. அதனால் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழித்தால் இன்னொன்று எழுதுவேன்.

ஏன் கத்தினேன் என்று அண்ணனுக்குப் புரிந்திருக்காது. அவர் லிஃப்ட் மெக்கானிக், கம்பி நீளமாக இருந்தால் சந்தோஷம். செடிக்கு அப்படியில்லை. வெளிச்சம் போதுமான இடத்தில் மணி பிளாண்ட் ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் இரண்டு மூன்று விரல்தான் விடும். இலை உள்ளங்கை அகலம் வரும், மஞ்சள் திட்டு தெளிவாக இருக்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் தண்டை மட்டும் இழுத்துக்கொண்டே போகும். இலை சிறுக்கும், திட்டு மறையும். கையில் இருப்பதையெல்லாம் செலவழித்து, எங்காவது ஒரு ஜன்னல் கிடைக்குமா என்று தேடிப் போகிறது. மூன்று அடிக்கு ஒன்பது இலை என்றால் கணுவுக்குக் கணு பத்து சென்டிமீட்டர். நீங்கள் பெருமையடித்துக்கொண்ட நீளத்தை, செடி பார்க்கும் எங்கள் வேலையில், பட்டினி என்போம்.

பத்து மாதத்துக்கு முன் நான் கிளம்பியபோது, ஒரே கொடியை இரண்டாக வெட்டி ஒரு துண்டை என்னோடு எடுத்துக்கொண்டேன். மற்றதைப் பாட்டிலில் போட்டு, முன்னறை ஜன்னல் ஓரம் அம்மாவின் கட்டில் பக்கம் வைத்தேன். "இது எங்க இருக்கோ நீயும் அங்க இரும்மா" என்று விளையாட்டாகச் சொன்னேன். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பாட்டில் இல்லாத அறையில் அவள் படுக்கமாட்டாள் என்று நீங்களே ஒருமுறை சலித்துக்கொண்டீர்கள். அந்த ஜன்னலில் இருந்தால் கொடி இப்படி ஓடியிருக்காது. அந்த வீட்டில் மிச்சம் இருப்பது உள் அறைதான். பெட்டிகளும் உடைந்த மின்விசிறியும் கிடந்த அறை. மாடிப்படியைப் பார்த்த ஒரு துவாரம் தவிர வேறு திறப்பு கிடையாது.

அம்மா எந்த அறையில் என்று எழுதுங்கள். அண்ணனை எழுதச் சொல்லாதீர்கள். அவருக்குப் பொய் சொல்லக்கூடச் சோம்பல்.

சின்னவள்

&nbsp;

மார்ச் 14

செடி டாக்டர் அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. உன் அண்ணன் படித்தார், மடித்தார், என் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். "என்னங்க பதில் எழுதறது?" என்றேன். "உள்ளதை எழுது" என்றார். இந்த வீட்டில் உள்ளதைச் சொல்லிக் கெட்ட பேர் வாங்குவது எப்போதும் என் முறை.

ஆமாம். அத்தை உள் அறையில்தான் இருக்கிறார். ஏழு மாதமாக.

ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்பு எழுதுகிற ஆள் நீ. இருந்தாலும் சொல்கிறேன். நீ போன பிறகு பக்கத்து மனையில் எட்டு மாடி எழும்பிவிட்டது. சமையலறை ஜன்னலில் கையை நீட்டினால் அவர்கள் சுவர் தட்டுப்படுகிறது. முன்னறை ஜன்னல் ஒன்றில்தான் வெளிச்சம், அதுவும் ஒன்பதிலிருந்து மூன்றுவரை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஞாபகம் இருக்கிறதா? சலவைக் கடையிலிருந்து வரும் கோட்டுகளில் சிகரெட் சுட்ட ஓட்டை, பூச்சி அரித்த ஓட்டை. உள்மடிப்பிலிருந்து இழை உருவி, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் பின்ன வேண்டும். டியூப் லைட்டில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுதான். டியூப் லைட்டை நம்பி இரண்டு கோட்டு பின்னினேன். இரண்டும் திரும்பி வந்தன. கடைக்காரர் கோட்டைத் தெருவாசலில் பிடித்துக் காட்டி, நாலு பேர் முன்னால், "கண்ணு தெரியலன்னா சொல்லிடும்மா, வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார். அன்றைக்கு நீ அங்கே இல்லை. நீ எங்கேயும் இருப்பதில்லை.

மறுநாள் மிஷினை ஜன்னலுக்குப் போட்டேன். கட்டிலும் மிஷினும் சேர்ந்து அந்த இடத்தில் நிற்காது. படுத்திருப்பவருக்கு வெளிச்சம் எதற்கு என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அத்தையைக் குளியலறைக்குத் தூக்கிப் போவது யார்? நகம் வெட்டுவது யார்? நீ ஒரு குச்சியைப் பாட்டிலில் செருகிவிட்டுப் போனாய். அதற்குத் தண்ணீர் மாற்றுவதும் நான்தான்.

இலைக்கு நடுவே இருக்கும் இடைவெளியை வைத்து அறையைச் சொல்கிறாய். மெச்சிக்கொள்கிறேன். அத்தை கடைசியாக உன்னிடம் போனில் பேசிய மூன்று தடவையும் "நல்லாருக்கேன்" என்றார். அந்தக் குரலை வைத்து உனக்கு ஒன்றும் தெரியவில்லை. நம்பினாய், வைத்தாய். செடியாவது பரவாயில்லை, அதற்கு உன்னைச் சமாதானப்படுத்தத் தெரியாது.

உன் அண்ணி

&nbsp;

மார்ச் 22

அண்ணி,

மதியம் ஒரு மணி. பக்கத்துக் கட்டில்காரி பல்பை அணைக்கச் சொல்லி முனகுகிறாள், அவளுக்கு ராத்திரி வேலை. முனகட்டும். இதை முடித்துவிட்டுத்தான் அணைப்பேன்.

படுத்திருப்பவருக்கு வெளிச்சம் எதற்கு. இந்த வாக்கியத்தை நான் வாரத்தில் பதினான்கு இடத்தில் கேட்கிறேன், வேறு வேறு வாயிலிருந்து. "ஓரமா நிக்கற செடிக்கு வெளிச்சம் எதுக்கும்மா?"

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்கும் தெரியாது. "ஆபீஸ்ல செடிக்குத் தண்ணி ஊத்தறா" என்று மாடிப்படியில் சொல்லிக்கொள்வீர்கள். எங்கள் கம்பெனி அலுவலகங்களுக்குச் செடி வாடகைக்கு விடுகிறது. என் பையில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் இருக்கிறது. முதலாளி அறை ஜன்னலில் மீட்டர் மூவாயிரம் காட்டும். அந்த ஆள் கம்ப்யூட்டரில் கண் கூசுகிறதென்று திரையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பான். நடு வரிசையில் கணக்கெழுதும் பெண்கள். அங்கே முந்நூறு. செடி சாகாது, வளரவும் வளராது, அந்தப் பெண்களைப் போலவே. லிஃப்ட் பக்கம் வரவேற்பு மேஜையில் நாற்பது. அங்கே வைக்கிற செடி வைத்த நாளிலிருந்தே பட்டினி. ஆனால் மூன்று வாரம்வரை வெளியே தெரியாது, உடம்பில் இருப்பதைத் தின்று நிற்கும். பத்தொன்பதாம் நாள் காலை ஆறரைக்கு, ஒருத்தரும் வருமுன், சாமான் லிஃப்டில் புதுச் செடியை ஏற்றி அதே தொட்டியில் வைத்து, பழையதைக் கீழே கொண்டுபோய்விடுவோம். புதியதன் இலையில் எண்ணெய்ப் பாலிஷ் போட்டுத் துடைப்போம். ஒன்பது மணிக்கு வரவேற்புக்காரி, "உங்க செடி மட்டும் வாடவே மாட்டேங்குதே, என்ன மந்திரம் போடறீங்க?" என்பாள். எங்கள் மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டார்: "இருட்டுல கூட வளரும்னு சொல்லு. அதக் கேக்கத்தான் அவங்களுக்குப் பிடிக்கும்." நானும் சொல்கிறேன். நம்புகிறவர்களைப் பார்த்து உள்ளுக்குள் காறித் துப்பிக்கொள்கிறேன்.

நீங்கள் அந்த வரவேற்புக்காரி, அண்ணி. நாற்பதில் ஒரு உயிரை வைத்துவிட்டு, வாடவில்லையே என்கிறீர்கள்.

மீட்டர் வேண்டாம். நடுப்பகலில் உள் அறை லைட்டை அணைத்துவிட்டு, அம்மாவின் கட்டிலில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக விழுந்தால் பிழைக்கலாம். விழாவிட்டால் அந்த இடம் உயிர் வைக்கிற இடமில்லை. பார்த்து எழுதுங்கள்.

கூடவே உங்கள் டேப்பை எடுத்து, கொடியின் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கணு இடைவெளியையும் அளந்து எழுதுங்கள். நுனி இலை ஒன்றைக் கவரில் வையுங்கள். நீங்கள் எப்படியோ, உங்கள் டேப் பொய் சொல்லாது என்று நம்புகிறேன்.

சின்னவள்

&nbsp;

மே 6

செடி டாக்டருக்கு,

கேட்டவுடன் எழுத நான் உன் ஆபீஸ்காரி இல்லை. கல்யாண சீசன், நாற்பது கோட்டு.

அளந்தேன். அடியிலிருந்து: 5, 5, 6. பிறகு 10, 12, 13, 12, 13, 12. பிறகு புதிதாக வந்தவை 4, 4, 3½. எல்லாம் சென்டிமீட்டர்.

கடைசி மூன்றைப் பார். நீ சொன்ன இரண்டு விரல்தான். இலை உள்ளே வைத்திருக்கிறேன், உள்ளங்கை அகலம் இருக்கிறது. அறையில் குறையில்லை என்று உன் செடியே சொல்கிறது. இனி என்னைத் திட்ட வேறு ஏதாவது கண்டுபிடி.

அண்ணி

&nbsp;

மே 14

அண்ணி,

பொய் சொல்வதிலாவது உங்களுக்குத் திறமை இருக்கும் என்று நினைத்தேன்.

கொடி நடந்ததை அழிக்காது. இழுத்த தண்டு மறுபடி சுருங்காது. நீங்கள் அளந்து அனுப்பியது அந்த வீட்டின் ஒரு வருஷக் கதை. 5, 5, 6: நான் வைத்துவிட்டுப் போன ஜன்னல். 10-லிருந்து 13வரை ஆறு கணு: அம்மாவோடு உள் அறையில் ஏழு மாதம். 4, 4, 3½: மறுபடி ஜன்னல். மூன்று கணு விட அதற்கு ஆறு வாரம் ஆகும். நீங்கள் பதில் எழுத எடுத்துக்கொண்டதும் ஆறு வாரம். கல்யாண சீசனாம்.

இலையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க நரம்பில் கருநீல நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்பக்கம் மஞ்சள் திட்டு பளிச்சென்று திரும்பியிருக்கிறது. மிஷின் மேஜைமேல், உங்கள் கோட்டுகளுக்கு நடுவே, இந்த இலை பிறந்திருக்கிறது.

செடியை நகர்த்தினீர்கள். அம்மாவை நகர்த்தவில்லை.

எவ்வளவு யோசித்திருப்பீர்கள். கட்டில் கனம், பாட்டில் கனமில்லை. சின்னவள் இலையைத்தான் பார்ப்பாள், ஆளைப் பார்க்கமாட்டாள். அம்மா பக்கத்திலிருந்து எடுக்கும்போது என்ன சொன்னீர்கள்? தண்ணீர் மாற்றப் போகிறேன் என்றா? ஆறு வாரமாகவா தண்ணீர் மாற்றுகிறீர்கள்? நிழல் சோதனையைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. டேப்பையும் பொய் சொல்ல வைக்கமுடியாமல், உண்மையையும் எழுதக் கை வராமல், நடுவில் ஒரு இலையைச் சொருகியிருக்கிறீர்கள். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார், கம்பி அறுந்தால்தானே அவருக்கு வேலை.

போதும். அம்மாவை நான் கூட்டிக்கொள்கிறேன். கீழே இருப்பதை அம்மாவிடம் சத்தமாக வாசியுங்கள். ஒரு வார்த்தை விடாமல்.

அம்மா, நான் இருக்கிற அறையில் கிழக்கைப் பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறது. காலையில் ஏழு மணிக்கு வெயில் கட்டில்மேல் வந்து விழும். நம் கொடியின் மற்ற துண்டு அந்த ஜன்னலில்தான் இருக்கிறது, தழைத்துக் கிடக்கிறது. உனக்கு அங்கேயே கட்டில் போடுகிறேன். சீக்கிரம் வந்து கூட்டிப்போகிறேன்.

சின்னவள்

&nbsp;

மே 25

சின்னவளே,

ஆமாம், நகர்த்தினேன். நீ இலை கேட்டாய், இலை அனுப்பினேன். உன் மூன்று கடிதத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இலை, கணு, தண்டு என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அம்மா என்ன சாப்பிடுகிறார், இடுப்பு வலி எப்படி இருக்கிறது, ஒரு இடத்திலும் இல்லை. அத்தை படுத்திருப்பதே உனக்கு ஒரு செடி வழியாகத்தான் தெரிகிறது.

என்னைப் பொய்க்காரி என்கிறாய். பத்தொன்பதாம் நாள் காலை ஆறரைக்குச் சாமான் லிஃப்டில் ஏறுவது யார்? செத்துக்கொண்டிருப்பதைக் கீழே இறக்கிவிட்டுப் பாலிஷ் போட்டதை வைப்பது யார்? எனக்கு அந்த வழியைச் சொல்லிக்கொடுத்ததே உன் கடிதம்தான். ஒரே வித்தியாசம், மாற்றி வைக்க எங்களிடம் இன்னொரு அத்தை இல்லை.

நிழலைப் பற்றிக் கேட்டாய். உன் கடிதம் வந்த அன்றே பார்த்துவிட்டேன். லைட்டை அணைத்து, தாளை வைத்து, கையை நீட்டினேன். அத்தை என் கையையே பார்த்தார். "என்னடி பண்றே?" என்றார். "நிழல் விழுதான்னு பாக்கறேன் அத்தை." கொஞ்ச நேரம் அவரும் தேடினார். "எங்கடி?" என்றார்.

விழவில்லை. போதுமா? இன்னொன்றும் சொல்கிறேன், நீயாகக் கண்டுபிடித்துப் பெருமைப்படுவதற்கு முன்னால். பகல் பதினோரு மணிக்கு அத்தை "விடிஞ்சிருச்சா?" என்று கேட்கிறார். இரண்டு மாதமாகக் கேட்கிறார். முதலில் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். இந்த வரியை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது.

நீ வாசிக்கச் சொன்ன பத்தியை வாசித்துக் காட்டினேன். மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். ஏழு மணி வெயில் என்ற இடத்தில் நிறுத்தி, "ஏழுக்கேவா?" என்றார். மறுநாள் காலை பார்க்கிறேன், துணிப்பையில் உடுப்பெல்லாம் மடித்து வைத்து, வாயைக் கட்டி, தலைமாட்டில் வைத்திருக்கிறார். தானாக எழுந்து நிற்க முடியாதவர் அதை எப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டிலையும் கொண்டுவந்து பையோடு வைக்கச் சொன்னார். வைத்துவிட்டேன்.

தேதி எழுது. நானே மேல்துணி தைத்துப் போட்டு அனுப்பிவைக்கிறேன். அந்தக் கட்டில் காலியானால் அழமாட்டேன், தெரிந்துகொள்.

அப்புறம், உன் ஜன்னலில் தழைத்துக் கிடக்கும் கொடியிலிருந்து ஒரு இலை அனுப்பு. நீ சொல்லிக்கொடுத்த பாடம்தான். நானும் திருப்பிப் பார்க்கிறேன்.

அண்ணி

&nbsp;

ஜூன் 10

அண்ணி,

இந்த மாதம் வர முடியாது. புதிதாக மூன்று அலுவலகம் சேர்ந்திருக்கிறது, ஆள் போதவில்லை, லீவு கேட்டால் மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அடுத்த மாதம் பார்க்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இருட்டில் இருந்த செடியைச் சட்டென்று வெயிலுக்குக் கொண்டுவரக் கூடாது, இலை கருகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். அம்மாவுக்கும் அப்படித்தான். அதனால் அவசரம் வேண்டாம். பையை அவிழ்த்துவைக்கச் சொல்லுங்கள். கட்டியே வைத்திருந்தால் துணி வீணாகிவிடும்.

நீங்கள் கேட்ட இலை உள்ளே இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் ஒரு இலை.

சின்னவள்

&nbsp;

ஜூன் 21

சின்னவளே,

பார்த்துக்கொண்டேன்.

நல்ல இலை. அகலம், கனம், திட்டு, எல்லாம் பிரமாதம். கவரைப் பிரித்ததும் இலையைப் பார்க்கவில்லை, உன் கடிதத்தைப் பார்த்தேன். "அவசரம் வேண்டாம்" என்று நீ எழுதிய இடத்தில் வட்டமாக எண்ணெய்க் கறை. இலை அழுந்தியிருந்த இடம். துணியில் என்ன கறை, எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது என் பிழைப்பு. விரலில் தேய்த்து மோந்து பார்த்தேன். உன் அறையில் இருக்கிற செடிக்கு யாருக்குக் காட்ட எண்ணெய்ப் பாலிஷ் போடுகிறாய்?

அது ஏதோ ஆபீஸ் வாசலுக்குப் போகவிருந்த செடி. துடைத்த கையோடு கிள்ளி அனுப்பிவிட்டாய். துடைக்காத இலை எப்படி இருக்கும் என்பதே உனக்கு மறந்துவிட்டது.

பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்தேன். மார்ச் 22. "மதியம் ஒரு மணி. பக்கத்துக் கட்டில்காரி பல்பை அணைக்கச் சொல்லி முனகுகிறாள்." கிழக்கு ஜன்னல் உள்ள அறையில், பட்டப்பகலில், பல்பு இல்லாமல் ஒரு கடிதம் எழுத முடியாதா? பக்கத்துக் கட்டில் என்றால் எத்தனை கட்டில்? அம்மாவுக்குக் கட்டில் போடுகிறேன் என்றாயே, எதன்மேல் போடுவாய்? இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. நீயே சொன்னாய், நான் கேட்காமலே.

உன்னிடம் இருக்கும் துண்டு எவ்வளவு நீளம் ஓடியிருக்கிறது? மூன்று அடியா, ஐந்தா?

ஜன்னல் இல்லாத இடத்தில் கிடப்பதற்காக உன்னைக் கேவலமாக நினைக்கவில்லை. நானும் அத்தையும் உன் அண்ணனும் கூடக் கிடப்பது அப்படித்தான். எட்டு மாடி கட்டுகிறவன் எங்களைக் கேட்டுக் கட்டவில்லை, உன் கம்பெனிக்காரன் உன்னைக் கேட்டுக் கட்டில் போட்டிருக்கமாட்டான். ஆனால் இருட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் நடத்தினாயே, அதற்குத்தான் உன்னைக் காறித் துப்பத் தோன்றுகிறது. நான் செடியை நகர்த்தினேன். நீயோ, இல்லாத ஒரு ஜன்னலுக்குக் கிழவியைப் பை கட்ட வைத்தாய்.

பையை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்க்கவில்லை. "அவ ஏழு மணி வெயில்னு சொல்லிருக்காடி" என்கிறார்.

அந்தப் பத்தியை வாசித்தது என் வாய். என் வாயால் அதைத் திரும்ப எடுக்கமாட்டேன். அத்தை கண்ணில் ஏற்கெனவே கட்டிலைத் தள்ளினவள் நான், ஜன்னலையும் பிடுங்கினவள் ஆகமாட்டேன். அதற்கு உன் கையெழுத்து வேண்டும்.

அதனால் ஒன்று செய். நாளைக்கு நடுப்பகலில், கட்டில்காரி தூங்கும்போது, பல்பை அணை. இந்தக் கடிதத்தைக் கட்டில்மேல் வை. ஒரு அடி மேலே கையை நீட்டு. நிழல் விழுந்தால் எழுது, அத்தையை நானே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்து உன் கட்டிலில் உட்கார வைக்கிறேன், இதுவரை எழுதியதற்கெல்லாம் உன்னிடம் மன்னிப்பும் கேட்கிறேன். விழாவிட்டால், இல்லை என்று அத்தைக்கு எழுது. உன் அம்மாவுக்கு, உன் கையால்.

அண்ணி

&nbsp;

ஜூலை 30

சின்னவளே,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. முன்பெல்லாம் எட்டாம் நாளே பாயும் கடிதம்.

நேற்று உன் எண்ணுக்கு அடித்தேன். ஆமாம், நானே. மணி போனது, நீ எடுக்கவில்லை. உன் அண்ணன், "அவ பிஸியா இருப்பா" என்றார். இத்தனை மாதத்தில் உன்னைப் பற்றி அவர் என்னிடம் பேசியது இது ஒன்றுதான்.

ஒரு மணிக்கு மிஷினை மூடிவிடுகிறேன். உன் அண்ணனாலும் என்னாலும் கட்டிலைத் தூக்க முடியாது, அத்தையைத் தூக்குகிறோம். என் நாற்காலியில் மூன்று மணிவரை ஜன்னலில் உட்காருகிறார். மூன்று வாரமாக "விடிஞ்சிருச்சா" என்று கேட்பதில்லை. உனக்காகச் செய்யவில்லை, உன் செடிக்காகவும் செய்யவில்லை. எண்ணினால் ஒரு நாளைக்கு ஒரு கோட்டு குறைவு. கடைக்காரர் மறுபடி கண்ணைப் பற்றிக் கேட்டுவிட்டார்.

ஆனால் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். கீழே பஸ் நிற்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி, "இறங்கினது யாருன்னு பாருடி" என்கிறார். நான் எட்டிப் பார்க்கிறேன். "வேற யாரோ, அத்தை" என்கிறேன். நேற்று நான்கு பஸ். இன்று ஆறு.

பல்பை அணைத்தாயா? கையை நீட்டினாயா? நிழல் விழுந்ததா, இல்லையா?

எழுது.